வெளிமாநிலத்தில் வேலை: குடும்பத்தோடு போவதா, ஒருவர் மட்டும் போவதா, வேண்டாம் என்பதா?

கோயம்புத்தூரிலோ மதுரையிலோ சொந்த வீட்டில் இருக்கிறீர்கள். பெங்களூரிலிருந்தோ ஹைதராபாத்திலிருந்தோ புனேயிலிருந்தோ ஒரு வேலை வருகிறது. அல்லது இருக்கிற வேலையிலேயே பதவி உயர்வோடு மாறுதல் வருகிறது. சம்பளம் நன்றாகவே கூடும். ஆனால் வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள், மனைவிக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது, பக்கத்துத் தெருவில் அப்பா அம்மா. பதில் சொல்ல இரண்டு வாரம் கெடு. வேலை மனைவிக்கு வந்து கணவர் யோசிக்கும் வீடுகளும் உண்டு, கணக்கு ஒன்றுதான்.

இப்படி யோசிப்பவர்கள் பெரும்பாலும் சம்பளத்தில் ஆரம்பிக்கிறார்கள். "இப்போது இவ்வளவு, அங்கே இவ்வளவு, போகலாமா?" என்கிறார்கள். இந்த முடிவில் சம்பளம் மூன்றாவது இடத்தில் வர வேண்டிய விஷயம் என்பது என் உறுதியான கருத்து. முதலில் கேட்க வேண்டியது, மூத்த பிள்ளை எத்தனாவது படிக்கிறது. அடுத்தது, எத்தனை வருஷத்துக்குப் போகிறோம். இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

ஆறு விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன். பிள்ளையின் வகுப்பும் அதற்குப் பின்னால் வரும் கல்லூரி இடமும். எவ்வளவு காலம். எல்லாச் செலவும் போய்க் கையில் நிற்கும் பணம். வீட்டின் இரண்டாவது சம்பளம், அதாவது வேலை வராத மற்றவரின் வாழ்க்கை. பெரியவர்களின் உடல்நிலை. ஊருக்கும் அந்த நகரத்துக்கும் இடையே உள்ள தூரம்.

இவற்றில் தூரத்தைச் சட்டென்று முடித்துவிடலாம். பெங்களூர் சென்னையிலிருந்து சுமார் 360 கிலோமீட்டர். வேகமான ரயிலில் ஐந்து மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஹைதராபாத் ஓர் இரவுப் பயணம். டெல்லி சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர், பெரும்பாலான ரயில்களில் முப்பது மணி நேரத்துக்கு மேல். நள்ளிரவில் அப்பாவுக்கு நெஞ்சு வலி என்று போன் வந்தால், பெங்களூரில் இருப்பவர் விடியும்போது ஊரில் இருப்பார். டெல்லியில் இருப்பவர் விமானத்துக்குக் காத்திருப்பார். அதனால் "வெளிமாநிலம்" என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் சேர்த்து யோசிக்காதீர்கள்.

## பிள்ளை எந்த வகுப்பு

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தெரியாமல் கிளம்பிவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் அதிகம் தவிப்பது இங்கேதான்.

புதிய பள்ளியில் மொழி எப்படி வரும் என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த கவலை. தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் 1968 முதல் தமிழ், ஆங்கிலம் என்ற இருமொழிக் கொள்கைதான். போகிற இடத்தில் அப்படி இருக்காது. கர்நாடகத்தில் கன்னடம் கற்பிப்பதைக் கட்டாயமாக்கும் சட்டம் 2015-இல் வந்தது. கேரளத்தில் மலையாளத்துக்கு 2017-இல், தெலங்கானாவில் தெலுங்குக்கு 2018-இல், மகாராஷ்டிரத்தில் மராத்திக்கு 2020-இல் சட்டங்கள் வந்தன. சி.பி.எஸ்.இ. பள்ளியில் சேர்த்தாலும் மாநில மொழி தேடி வரும், இந்தி கூடவே வரும். முதல் வகுப்பில் போகிற பிள்ளை ஒரு வருஷத்தில் கன்னடம் பேசி உங்களுக்கே சொல்லித்தரும். எட்டாம் வகுப்பில் போகிற பிள்ளை, மற்றப் பாடங்களில் முதலாவதாக வந்தாலும், இரண்டு மொழிகளில் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த வயதில் வகுப்பில் கடைசி ஆளாக உட்காருவது சின்ன விஷயம் இல்லை.

அதைவிடப் பெரியது கல்லூரி இடம். அரசு மருத்துவக் கல்லூரிகளில் 15 விழுக்காடு இடங்கள்தான் அகில இந்தியக் கலந்தாய்வுக்குப் போகின்றன. மீதி 85 விழுக்காடு அந்தந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு. "அந்த மாநிலத்துப் பிள்ளை" யார் என்பதை ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதமாக எழுதி வைத்திருக்கிறது. கர்நாடகத்தில் முதல் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புக்குள் குறைந்தது ஏழு ஆண்டு அங்கே படித்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. தெலங்கானாவில் தகுதித் தேர்வு, அதாவது பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு, எழுதும் ஆண்டு வரை தொடர்ந்து நான்கு ஆண்டு படித்திருக்க வேண்டும். அதாவது, எட்டாம் வகுப்பு தொடங்கும்போது பெங்களூர் போகிற பிள்ளைக்கு ஐந்து ஆண்டுதான் கிடைக்கும். கர்நாடகக் கணக்கில் அது போதாது. அதே பிள்ளை ஹைதராபாத் போனால் நான்கு ஆண்டு கணக்குச் சரியாக வரும்.

அப்போது தமிழ்நாட்டு ஒதுக்கீடு? இங்கே மருத்துவக் கலந்தாய்வில் ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குப் பெரிய சிக்கல் இல்லை. பொறியியலுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வரை பார்ப்பார்கள். வெளியே படித்தாலும் பூர்வீகம் இதுதான் என்று காட்ட இருப்பிடச் சான்றிதழ் இருந்தால் வழி உண்டு, இடஒதுக்கீடும் கேட்கலாம். ஆக, சொந்த ஊர் தமிழ்நாடு என்றால் கதவு முழுதாக மூடாது. ஆனால் அந்தச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். கலந்தாய்வு அறிவிப்பு வந்த பிறகு புனேயிலிருந்து தாசில்தார் அலுவலகத்துக்கு அலைவது வேதனையான வேலை.

உண்மையிலேயே திரும்பக் கிடைக்காத ஒன்று, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. 2020-இல் மருத்துவத்துக்கும் 2021-இல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு ஆண்டு வெளிமாநிலத்தில் படித்தாலும் அந்த உரிமை போய்விடும். அரசுப் பள்ளியில் ஏழாவது, எட்டாவது படிக்கும் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை வீட்டில் இருந்தால், அதன் மருத்துவர் கனவை இரண்டு வருஷச் சம்பள உயர்வுக்காக விட்டுக்கொடுக்காதீர்கள் என்று மன்றாடியே கேட்பேன்.

அரசு வேலைக் கனவு இருந்தால் அதிலும் ஒரு கணக்கு உண்டு. பள்ளி முதலே தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் தமிழ்த் தகுதித் தாளில் 40 விழுக்காடாவது எடுக்க வேண்டும் என்பது 2021 டிசம்பரில் வந்த ஆணை. வெளியே வளரும் பிள்ளைக்கு வீட்டில் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித்தருவது, பாசத்துக்காக மட்டும் செய்கிற காரியம் இல்லை.

சாதிச் சான்றிதழ் பற்றியும் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. நமது சாதியின் பெயர் அந்த மாநிலப் பட்டியலிலும் இருந்தால் அங்கேயும் சலுகை கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். கிடைக்காது. எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்த மாநில அரசின் ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1990-இல் சொன்னது, 2018-இல் மறுபடி உறுதி செய்தது. மத்திய அரசு வேலைகளில் அந்தச் சான்றிதழ் செல்லும்.

## பணம்: கையில் எவ்வளவு நிற்கும்

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். கோவையில் கணவருக்கு மாதம் 60,000 ரூபாய். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, 22,000. சொந்த வீடு, வாடகை இல்லை. மொத்தம் 82,000. பெங்களூரில் கணவருக்கு 95,000 தருகிறார்கள். "35,000 கூடுதல்" என்று வீடு முழுக்கச் சந்தோஷம்.

குடும்பத்தோடு போனால் மனைவியின் 22,000 நின்றுவிடும், குறைந்தது முதல் சில மாதங்களுக்காவது. பெங்களூர் வாடகையும் பராமரிப்பும் 28,000 என்று வைப்போம். கோவை வீட்டை வாடகைக்கு விட்டால் 12,000 வரும். 95,000 கூட்டல் 12,000 கழித்தல் 28,000, கையில் 79,000. முன்பு இருந்ததைவிட 3,000 குறைவு. இதில் பள்ளிச் சேர்க்கைக் கட்டணத்தை நான் சேர்க்கவில்லை.

ஒருவர் மட்டும் போனால்? 95,000 கூட்டல் 22,000, மொத்தம் 1,17,000. பி.ஜி. அறையும் சாப்பாடும் 15,000, மாதம் இரண்டு முறை வந்துபோக 5,000. கையில் 97,000. வெறும் பணத்தை மட்டும் பார்த்தால் இதுதான் ஜெயிக்கும். பலர் இந்த வழிக்குப் போவதும் இதனால்தான். அதன் உண்மையான விலை வேறு இடத்தில் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

உங்கள் எண்கள் வேறாக இருக்கும். ஆனால் மனைவியின் சம்பளத்தைக் கழிக்காமல் போடும் கணக்கு கணக்கே இல்லை. அந்தச் சம்பளம் சின்னது என்று தள்ளிவிடுகிற வீடுகளில், பின்னால் ஐந்து வருஷம் கழித்து அவர் மறுபடி வேலைக்குப் போக முயலும்போது, அனுபவம் அறுந்து கிடக்கும். இங்கே அரசு உதவி பெறும் பள்ளியிலோ மாநில அரசிலோ அவருக்கு நிரந்தர வேலை இருந்தால், அதை விட்டுவிட்டுப் போகச் சொல்வதற்கு முன் பத்து முறை யோசியுங்கள். அந்த வேலை திரும்ப வராது.

கண்ணுக்குத் தெரியாத மற்றச் செலவுகள்: வீட்டு அட்வான்ஸ் பல மாத வாடகை கேட்பார்கள்; அந்தப் பணம் வட்டியில்லாமல் முடங்கும். மும்பை, புனே பக்கம் பதினொரு மாத ஒப்பந்தம், அதைப் பதிவு செய்ய வேண்டும், தரகர் கூலி தனி. புதிய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் கொடுக்கிற வாடகைக்கு வரிச் சலுகை எதுவும் கிடையாது. சாமான் ஏற்றிப் போக லாரி. தீபாவளி, பொங்கல், கோடை விடுமுறை, கல்யாணம், காதுகுத்து என்று ஊருக்கு வரும் நான்கு பேருக்கான டிக்கெட். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. பண்டிகை நேரத்தில் கிடைக்காவிட்டால் ஆம்னி பஸ் கட்டணம்தான்.

சம்பளம் குறைவான குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி. கட்டட வேலைக்கோ கடை வேலைக்கோ குடும்பத்தோடு போகும்போது, ரேஷன் கடையின் இலவச அரிசி, பிள்ளைகளின் காலை உணவும் சத்துணவும், மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய், பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து, அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரி போகும்போது புதுமைப் பெண் திட்டத்தில் வரும் மாதம் 1,000 ரூபாய் எல்லாம் இங்கே இருப்பதால் கிடைப்பவை. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் வெளிமாநிலத்தில் வாங்க முடிவது, மத்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டைகளுக்கு உரிய தானியம் மட்டும். மாநில அரசு தன் செலவில் தருவது எல்லை தாண்டாது. இவற்றையெல்லாம் ரூபாயாக மாற்றி எழுதிப் பாருங்கள். தினக்கூலி 200, 300 ரூபாய் கூடுதல் என்பது பல சமயம் இதிலேயே கரைந்துவிடும்.

## வழி ஒன்று: குடும்பத்தோடு போவது

பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புக்குக் கீழே, வேலை குறைந்தது மூன்று நான்கு வருஷம் நிலைக்கும், பெற்றோர் நடமாட்டத்தோடு இருக்கிறார்கள் என்றால், எல்லோரும் சேர்ந்து போவதுதான் என் தேர்வு. பணக் கணக்கு கொஞ்சம் கையைக் கடித்தாலும் இதையே சொல்வேன். சின்னப் பிள்ளைகள் வளரும் வருஷங்களில் அப்பா அல்லது அம்மா தினமும் வீட்டில் இருப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. மனைவிக்கும் பெரிய நகரத்தில் நல்ல வேலை கிடைக்க வாய்ப்பு அதிகம். அவரும் அங்கே வேலை தேட முடியும் என்றால், கிளம்பும் முன்பே விண்ணப்பம் போட ஆரம்பித்துவிட வேண்டும். போன பிறகு பார்க்கலாம் என்றால் அது ஒரு வருஷம் இழுத்துவிடும்.

மத்திய அரசு, ராணுவம், பொதுத்துறை ஊழியர்களுக்கு இந்த வழி எளிது. கேந்திரிய வித்யாலயாவில் பாடத்திட்டம் நாடெங்கும் ஒன்று, மாறுதலில் வருபவர்களின் பிள்ளைகளுக்குச் சேர்க்கையில் முன்னுரிமை. கணவன் மனைவி இருவருமே மத்திய அரசுப் பணியில் இருந்தால் ஒரே ஊரில் பணியிடம் தர முயல வேண்டும் என்ற வழிகாட்டுதலும் உண்டு.

மறைந்திருக்கும் செலவு தனிமை. வேலைக்குப் போகிறவருக்கு அலுவலகம் இருக்கிறது, பிள்ளைக்குப் பள்ளி இருக்கிறது. வீட்டில் இருப்பவருக்குத்தான் மொழி தெரியாத அடுக்குமாடியில் பகல் முழுக்க யாரும் இல்லை. கூட அழைத்துப்போகும் மாமியார் மாமனாருக்கு இது இன்னும் கொடுமை. ஊரில் திண்ணையில் நாலு பேரோடு பேசிக்கொண்டிருந்தவர்களை ஒன்பதாவது மாடியில் உட்கார வைக்கிறோம். வீடு பார்க்கும்போது அலுவலகத்துக்குப் பக்கமா என்று மட்டும் பார்க்காமல், தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் பகுதியா என்றும் பாருங்கள். பெங்களூரில் அல்சூர் பக்கம், மும்பையில் மாட்டுங்கா, தாராவி, செம்பூர் பக்கம் பல தலைமுறைகளாகத் தமிழர்கள் இருக்கிறார்கள். டெல்லியில் 1923-இல் தொடங்கிய டெல்லி தமிழ்க் கல்விக் கழகம் ஏழு பள்ளிகளை நடத்துகிறது. பிள்ளை அங்கே தமிழும் படிக்கலாம்.

பெங்களூர் என்றதும் காவிரிப் பிரச்சினை பயத்தைச் சிலர் எழுப்புவார்கள். 1991-இலும் 2016 செப்டம்பரிலும் அங்கே தமிழர்களுக்கு எதிராக நடந்த வன்முறைகள் உண்மை, மறக்கக் கூடியவை அல்ல. ஆனால் லட்சக்கணக்கான தமிழர்கள் அங்கே அன்றாடம் நிம்மதியாகத்தான் வாழ்கிறார்கள். அதை மட்டும் காரணமாக வைத்து ஒரு நல்ல வேலையை மறுக்க வேண்டியதில்லை. கன்னடம் கற்றுக்கொண்டு பேசினால் பாதித் தூரம் குறைந்துவிடும்.

## வழி இரண்டு: ஒருவர் மட்டும் போவது

மூத்த பிள்ளை ஒன்பது முதல் பன்னிரண்டுக்குள் இருக்கிறது, அல்லது வேலை நிலைக்குமா என்றே தெரியவில்லை, அல்லது மனைவிக்கு இங்கே நிரந்தர வேலை. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் இந்த வழி பொருந்தும். சி.பி.எஸ்.இ.-யில் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பள்ளி மாற்றுவதற்குத் தனி அனுமதி வேண்டும். பெற்றோரின் மாறுதல் மாதிரிக் காரணம் காட்ட வேண்டும். விதி இடம் கொடுத்தாலும், பொதுத்தேர்வு வருஷத்தில் பிள்ளையை இடம் பெயர்ப்பது நல்லதில்லை.

இதன் விலைக்கு வருகிறேன். வாரம் முழுக்க வீட்டில் இருப்பவர் தலையில் எல்லாம் விழும்: பிள்ளையின் காய்ச்சல், மாமனாரின் மருந்து, மோட்டார் ரிப்பேர், பள்ளிக் கூட்டம், அவருடைய சொந்த வேலை. போனில் பேசும்போது "எல்லாம் நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார். அங்கே இருப்பவர் தனியறையில் ஹோட்டல் சாப்பாட்டில் உடம்பைக் கெடுத்துக்கொள்வார். மாதம் இரண்டு முறை வரும்போது விருந்தாளி மாதிரி வந்து போவார்; பிள்ளைகள் எந்த முடிவுக்கும் அவரைத் தேடுவதை மெல்ல நிறுத்திவிடும். இது சண்டையாக வெளியே தெரியாது. அதனால்தான் பல வீடுகளில் யாரும் கவனிப்பதில்லை.

ஆகவே இந்த வழியை எடுத்தால் முடிவுத் தேதியை முதலிலேயே குறித்துவிடுங்கள். "மூத்தவள் பன்னிரண்டு முடிக்கும் மே மாதம் வரை" என்பது தேதி. "கொஞ்ச நாள் பார்ப்போம்" என்பது தேதி இல்லை. அது பத்து வருஷம் ஓடும். தேதி வந்ததும் குடும்பம் அங்கே போகும், இல்லை என்றால் போனவர் திரும்புவார் என்று இருவரும் பேசி ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதற்குள்ளேயே ஒரு சின்ன வழி உண்டு: முதலில் ஒருவர் போய், சோதனைக் காலம் முடிந்து வேலை உறுதியானதும், அடுத்த கல்வியாண்டு தொடங்கும்போது குடும்பம் போவது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு, புதிய நிறுவனத்தில் சேரும்போது, இதுதான் பாதுகாப்பு. பெரிய நகரங்களில் நல்ல பள்ளிகள் பலவற்றில் அடுத்த ஆண்டுச் சேர்க்கை பல மாதம் முன்பே தொடங்கிவிடும் என்பதால், முன்னால் போனவரின் முதல் வேலை பள்ளி பார்ப்பது.

பெங்களூர், கொச்சி, திருவனந்தபுரம் மாதிரி வெள்ளி இரவு கிளம்பிச் சனி காலையில் வீடு சேரக்கூடிய ஊர்களுக்கு இரண்டாவது வழி தாங்கும். டெல்லி, கொல்கத்தா, அகமதாபாத் என்றால் எனக்குத் தயக்கம்தான். வருஷத்துக்கு நாலைந்து தடவைதான் வீட்டைப் பார்க்க முடியும்.

## வழி மூன்று: வேண்டாம் என்பது

இதைக் கோழைத்தனம் மாதிரிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. படுக்கையில் இருக்கும் அம்மாவையோ, டயாலிசிஸ் செய்துகொள்ளும் அப்பாவையோ வைத்திருக்கும் வீட்டில், பார்த்துக்கொள்ள வேறு உடன்பிறப்பு இல்லை என்றால், வேண்டாம் என்பதே சரியான பதில். சிறப்புத் தேவை உள்ள பிள்ளைக்கு இங்கே நல்ல பயிற்சி மையமும் பழகிய ஆசிரியரும் இருந்தாலும் அப்படியே. கையில் நிற்கும் பணம் ஏறாமல், பதவியும் ஏறாமல், வெறும் ஊர் மாற்றம் என்றாலும் போக வேண்டாம்.

இதற்கும் விலை உண்டு. வங்கி அதிகாரிகள் மாதிரிப் பதவி உயர்வோடு மாறுதலும் சேர்ந்தே வரும் வேலைகளில், மறுத்தால் பதவி உயர்வே தள்ளிப்போகும். கூடப் படித்தவர்கள் மேலே போவதைப் பார்க்கும் வருத்தம் இருக்கும். "உங்களுக்காகத்தான் போகவில்லை" என்று என்றாவது ஒருநாள் மனைவியிடமோ அப்பாவிடமோ சொல்லிவிடும் ஆபத்தும் இருக்கிறது. மறுப்பதானால் அது உங்கள் சொந்த முடிவாக இருக்கட்டும். யார் மேலும் அதை ஏற்றாதீர்கள்.

மறுக்கும் முன் கேட்டுப் பார்க்க வேண்டியவை உண்டு. அதே நிறுவனத்துக்குச் சென்னையிலோ கோவையிலோ கிளை இருக்கிறதா? வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் அலுவலகம் வரலாமா? ஓர் ஆண்டு தள்ளிப்போட முடியுமா? பத்தாம் வகுப்பு முடிய ஆறு மாதம் இருக்கிறது என்று நேராகச் சொன்னால் சம்மதிக்கும் மேலாளர்கள் இருக்கிறார்கள். கேட்காமல் விட்டவர்கள்தான் அதிகம்.

## உங்கள் வீட்டுக்கு எது

| வீட்டு நிலை | என் பரிந்துரை | முதலில் சரிபார்க்க வேண்டியது |
|---|---|---|
| பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பு வரை, வேலை நிலையானது | குடும்பத்தோடு | மனைவிக்கு அங்கே வேலை கிடைக்குமா |
| பிள்ளைகள் சிறியவர்கள், வேலை புதியது | ஒருவர் முன்னால், பிறகு குடும்பம் | சோதனைக் காலம் எப்போது முடியும் |
| ஆறு முதல் எட்டு, தனியார் பள்ளி | நீண்ட காலம் என்றால் எல்லோரும் | அந்த மாநிலத்தின் படிப்பு ஆண்டு விதி |
| ஆறு முதல் எட்டு, அரசுப் பள்ளி | ஒருவர் மட்டும் | 7.5 விழுக்காடு ஒதுக்கீடு |
| ஒன்பது முதல் பன்னிரண்டு | ஒருவர் மட்டும், முடிவுத் தேதியோடு | ஊருக்கு வந்துபோகும் தூரம் |
| துணையின்றி இருக்க முடியாத பெற்றோர் | மறுப்பு | உள்ளூர்க் கிளை, வீட்டிலிருந்து வேலை |
| தனியார் பள்ளியில் 25 விழுக்காடு இலவச இடம் | ஒருவர் மட்டும் | அங்கே அதே சலுகை கிடைக்காது |

கடைசி வரிசை பலருக்குத் தெரியாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு இடங்கள் தொடக்க வகுப்பில் மட்டும் நிரப்பப்படுபவை. மூன்றாம் வகுப்பில் வேறு மாநிலம் போய் அதே சட்டத்தில் இடம் கேட்டால் கிடைக்காது. முழுக் கட்டணம் கட்ட வேண்டும்.

ஆறு முதல் எட்டு வரை உள்ள பிள்ளைகள்தான் நடுவில் மாட்டுகிறார்கள். அங்கே போவது என்று முடிவானால் ஆறாம் வகுப்பு தொடங்கும்போதே போய்விடுங்கள். கர்நாடகத்தின் ஏழு ஆண்டுக் கணக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை சரியாகப் பொருந்துகிறது. ஒரு வருஷம் தள்ளினால் பொருந்தாது. போன பிறகு பன்னிரண்டு முடியும் வரை நடுவில் ஊர் மாற்றவும் கூடாது. அப்படி ஏழு வருஷம் அங்கே இருக்க முடியுமா என்பதை அந்தப் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள். பதினொரு, பன்னிரண்டு வயதில் அதற்குச் சொல்ல நிறைய இருக்கும்.

## போவது என்று முடிவானால், கிளம்பும் முன்

ஒவ்வொரு பிள்ளைக்கும் இருப்பிடச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் இங்கே குடியிருக்கும்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். பெற்றோர் இருவரின் பள்ளிச் சான்றிதழ்களின் நகலும் அதே கோப்பில் இருக்கட்டும்; பூர்வீகம் காட்ட அவை உதவும். பிள்ளையின் மாற்றுச் சான்றிதழில் மாவட்டக் கல்வி அலுவலரின் மேலொப்பம் வேண்டும் என்று வெளிமாநிலப் பள்ளிகள் பல கேட்கும். அதையும் இங்கேயே வாங்குங்கள். எட்டாம் வகுப்பு வரை, மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது.

வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கு இங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும், அங்கே சாலை வரியைப் புதிதாகக் கட்ட வேண்டும், இங்கே கட்டிய ஆயுள் வரியில் மீதியைத் திருப்பிக் கேட்டு அலைய வேண்டும். பழைய கார் என்றால் விற்றுவிட்டுப் போவதே லாபம். புதிதாக வாங்கப் போகிறவர்கள் 2021-இல் வந்த பி.எச். வரிசைப் பதிவுக்கு (மாநிலம் மாறினாலும் மறுபதிவு தேவைப்படாத பதிவு) தகுதி இருக்கிறதா என்று பார்க்கலாம். அரசு, பொதுத்துறை ஊழியர்களுக்கும், நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் உள்ள தனியார் நிறுவனத்தில் இருப்பவர்களுக்கும் அது கிடைக்கும்.

சான்றிதழ்களில் பெயரின் எழுத்தும் முதலெழுத்தும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். தமிழ்நாட்டில் தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும் போதும். வட மாநிலங்களிலும் மகாராஷ்டிரத்திலும் குடும்பப் பெயர் கேட்பார்கள். ஆதாரில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, மாற்றுச் சான்றிதழில் இன்னொரு மாதிரி இருந்தால் அங்கே ஒவ்வொரு சேர்க்கையிலும் நிறுத்தி வைப்பார்கள். பள்ளியும் வி.ஏ.ஓ. அலுவலகமும் பக்கத்தில் இருக்கும்போதே திருத்திக்கொண்டால் அலைச்சல் குறைவு.